கால் கழுவத் தண்ணீர்

செங்கல்பட்டுக்கு அருகே ஒரு தனியார் கல்லூரியில் பல வருஷம் வரலாறு நடத்தினேன். புதிதாக வந்து சேர்ந்தவர் தலையில் அமெரிக்க வரலாற்றுத் தாளைக் கட்டிவிடுவது அங்கே வழக்கம். என் தலையில் கட்டியதை நான் அடுத்து வந்தவருக்குத் தள்ளிவிடவில்லை. வருஷா வருஷம் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். "மேடத்துக்கு மாப்பிள்ளை அமெரிக்காவுல இருக்காரோ என்னவோ" என்று ஆசிரியர் அறையில் கிண்டல் ஓடும். சிரித்துவைப்பேன். கல்யாணம் ஆகாமல் தனியாக வாடகைக்கு இருப்பவளைப் பார்த்தால் பேச்சு வேறு எங்கே போகும்?

அந்தத் தாளில் எனக்கு வேண்டியது ஒரே ஒரு பாடம். உள்நாட்டுப் போர். பரீட்சைக்கு அதில் எப்போதும் ஒரே கேள்விதான் வரும்: காரணங்களையும் போக்கையும் விவரி. எங்கள் பிள்ளைகள் கடையில் வாங்கும் நோட்ஸில் காரணங்கள் வரிசையாக இருக்கும். வடக்கே தொழிற்சாலை, தெற்கே பருத்தி, இறக்குமதி வரித் தகராறு, மாநில உரிமை, இப்படிப் போய், ஐந்தாவதோ ஆறாவதோ இடத்தில் போனால் போகிறது என்று அடிமை முறை உட்கார்ந்திருக்கும். முதல் வகுப்பிலேயே அதை அடிக்கச் சொல்வேன். "மாநில உரிமைன்னா எதைச் செய்யற உரிமை? மனுஷனை வாங்கி விக்கிற உரிமை. அதை முதல்ல எழுதுங்க. மத்ததெல்லாம் அதோட பிள்ளைகுட்டி." எனக்கு அவ்வளவு கோபம் வரும். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். எங்கோ, என்றோ நடந்த சண்டைக்கு இந்த அம்மாவுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்று அவர்களுக்குப் புரிய நியாயம் இல்லை.

எங்கள் ஊர் கருங்குழியிலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. எங்கள் ஊர் என்று வாய் தவறிச் சொல்கிறேன். ஊர் கால்வாய்க்கு அந்தப் பக்கம். எங்கள் காலனி இந்தப் பக்கம். வீட்டில் மூன்றே பேர்: அப்பா, நான், என்னைவிட நாலைந்து வயது சின்னவனான தம்பி. அவன் தவழும்போதே அம்மா போய்விட்டாள். அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம்.

ஊரில் யாராவது இறந்துவிட்டால் உறவுக்காரர்களுக்குச் சேதி கொண்டுபோவது காலனி ஆளின் பொறுப்பு. பரம்பரையாக அது எங்கள் குடும்பத்தின் மேல் விழுந்திருந்தது. கொஞ்சம் நெல் அளப்பார்கள். முடியாது என்று சொல்லத்தான் வழியில்லை. அதனால் அதை வேலை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. செய்யூர் பக்கம், திருக்கழுக்குன்றம் பக்கம், கடற்கரையோரம் திருவிடந்தை வரைக்கும்கூட நைனா போவார். பஸ் இருந்தால் பஸ், இல்லாவிட்டால் சைக்கிள், அதுவும் இல்லாவிட்டால் நடை.

அதற்கு ஒரு முறை இருந்தது. சேதி கொண்டுபோனவர் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. விடவும் மாட்டார்கள் என்பது வேறு விஷயம். தெருவில் நின்று, தோளில் இருக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். யார் தண்ணீர் கொடுத்தாலும் சேதியைச் சொல்லுமுன் வாங்கக் கூடாது. நைனா அப்படிப் போய் நின்றாலே போதும், அவர் வாய் திறப்பதற்குள் உள்ளே பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்களாம். திரும்பி வந்தால் எங்கள் வீட்டுக்குள்ளும் நேராக வரமாட்டார். வாசலில் நின்றபடியே "யம்மா, தண்ணி" என்று குரல் கொடுப்பார். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். அவர் பாதத்தில் ஊற்ற வேண்டும். "சாவு கால்ல ஒட்டிகினு வரும்மா, கழுவிட்டுத்தான் உள்ள வரணும்" என்பார். பாதம் நனைந்ததும் "போதும், போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வருவார். குடம் என் இடுப்புக்குப் பெரிதாக இருந்த வயதிலிருந்து எனக்கு அதுதான் பொறுப்பு.

நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஊரில் ஒரு பெரிய விவசாயி இறந்துபோனார். அடைமழை. செய்யூர் தாண்டி அவருடைய அண்ணன் வீட்டுக்கு நைனா போக வேண்டும். ரோடு உடைந்து பஸ் நின்றுவிட்டது. தண்ணீரில் நடந்தே போய்ச் சேர்ந்து, அண்ணன்காரரைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் எரித்து முடித்துவிட்டார்கள். மறுநாள் ஊர்க் கோயில் முன்னால் நைனாவைக் கூப்பிட்டு, லேட்டாகப் போனதற்கு விழுந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். சேற்றில் விழுந்து எழுந்தார். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த தம்பி, கூட்டத்துக்கு வெளியே நின்று பார்த்தான்.

உடனடிக் காரணம் என்று பரீட்சையில் தனியாக ஒரு தலைப்புப் போட வேண்டும். எங்கள் போருக்கு அது இதுதான்.

அன்று சாயங்காலம் காலனி கூடியது. தம்பிதான் எழுந்து பேசினான். "இனிமே ஊர்ச் சாவுக்கு நம்ம ஆளு ஒருத்தனும் போவக் கூடாது. அவங்க சாவ அவங்களே சொல்லிக்கட்டும்." எல்லோரும் சரி என்றார்கள். நைனாவும் தலையை ஆட்டினார். எனக்கு, என் தம்பியா இது என்று பெருமையாக இருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? காலனிக்கு வயல் வேலை இல்லை என்றது. பால் கிடையாது, டீக்கடை கிடையாது. பஸ்ஸுக்குப் போகும் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டார்கள். நாங்கள் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனோம். ஆண்கள் மாமல்லபுரம் பக்கம் கட்டட வேலைக்குப் போனார்கள். தாசில்தார் வந்து இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினார். ஊர்ப் பெரியவர் எழுந்து, "இது எங்க ஊரு வழக்கம் சார். வெளியேருந்து வந்து யாரும் இதுல தலையிடக் கூடாது" என்றார். அடுத்த வாரம் பரீட்சைக்காகப் புத்தகத்தைத் திறந்தால், தென் மாநிலத்துப் பண்ணையார்கள் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். நூலகத்தில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். அங்கே அடிமை வைத்திருந்தவன் நாட்டைவிட்டுப் பிரிந்துபோனான், இங்கே அடிமை பிரிந்துபோனான். வித்தியாசம் அவ்வளவுதான்.

அவர்கள் போர் நாலு வருஷம் நடந்தது. முதலில் தெற்கு ஜெயித்துக்கொண்டே வந்தது. போர் பாதி நடந்துகொண்டிருக்கும்போதுதான் ஜனாதிபதி அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்தார், அதுவும் எதிர்த்து நின்ற மாநிலங்களில் மட்டும். ஊர்களைக் கொளுத்திக்கொண்டு கடல்வரை படை போன பிறகுதான் தெற்கு சரணடைந்தது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு சேனை, தம்பி ஒரு சேனை என்று பிரிந்து நின்றதாகப் புத்தகத்தில் ஒரு வரி வரும். அந்த வரியைப் படிக்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே பக்கம்தானே.

அடுத்த அறுப்புக்கு முன்னால் ஊரில் ஒரு வயதான அம்மா இறந்துபோனார். அவருக்கு ஒரே மகள், திருவிடந்தையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஊரில் அப்போது போன் கிடையாது. சைக்கிள் இருக்கிறது, பையன்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒருவரும் கிளம்பவில்லை. சாவு சொல்லப் போனால் காலனிக்காரன் வேலையைச் செய்ததாகிவிடும் என்று நீ போ, நான் போ என்று பொழுதைக் கடத்தினார்கள். பெற்ற மகளுக்குச் சொல்லாமல் பிணத்தைத் தூக்கிவிடலாம், கௌரவம் மட்டும் போய்விடக் கூடாது. அந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

நைனா போய்விட்டார். சேதி சொல்லப் போவதாக எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் சைக்கிளைக் காணோம். மத்தியானத்துக்குள் காலனி முழுக்கத் தெரிந்துவிட்டது.

வெயில் சாயும் நேரத்தில் வந்தார். வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "யம்மா, தண்ணி" என்றார். நான் பழக்கத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தம்பி உள்ளேயிருந்து பாய்ந்து வந்து என் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கினான். நைனா காலுக்கு முன்னால், மண்ணில், முழுக் குடத்தையும் கவிழ்த்தான்.

"இந்த வூட்ல உனுக்குத் தண்ணி கெடையாது நைனா. உன்ன சேத்துல வுழ வச்சாங்க. உனுக்கோசரம் இந்த ஜனம் இத்தினி நாளா பட்டினி கெடக்குது. நீ போய் அவங்க வாசல்ல துண்ட இடுப்புல கட்டிகினு நின்னுட்டு வர்ற."

நைனா ஈரமான மண்ணைப் பார்த்தார். பிறகு திரும்பி ஏரிப்பக்கம் நடந்தார். கழுவாத காலோடு வீட்டுக்குள் வர அவருக்கு மனசு ஒப்பாது. அவர் ஏரியில் காலைக் கழுவிக்கொண்டு திரும்புவதற்குள் தம்பி துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டான். "அந்த ஆளு இருக்கிற வூட்டு வாசப்படிய இனிமே மெரிக்க மாட்டேன் எக்கா" என்றான். நான் வளர்த்த பிள்ளை. கையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டான்.

அந்த ராத்திரி நைனாவிடம் கத்தினேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "அன்னிக்கு லேட்டா வந்த அண்ணங்காரன் சாம்பல கைல அள்ளிகினு அழுதாம்மா. நீங்க யாரும் அத்த பாக்கல. நான் பாத்தேன்."

"உன்ன வுழ வச்சாங்களே நைனா!"

"வுழ வச்சவன் தப்பு பண்ணான். அந்தத் திருவிடந்தைப் பொண்ணு இன்னா பண்ணுச்சு?"

அந்தச் சாவுக்கு ஊர்க்காரர்கள் அளந்த நெல்லை நைனா வாங்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது. அதைச் சொல்லியிருந்தால் காலனி கொஞ்சம் இறங்கி வந்திருக்கும். அவர் யாரிடமும் சொல்லவில்லை.

நான் யார் பக்கம்? அறிவு முழுக்கத் தம்பி பக்கம். ஆனால் கவிழ்த்த குடம் கண்ணில் வந்து நிற்கும்போதெல்லாம் தம்பி மேல் ஆத்திரம் வரும். எத்தனை வருஷம் போர்ப் பாடம் நடத்தியும் எனக்கு இந்தக் கேள்விக்கு விடை எழுத வரவில்லை.

கட்டுப்பாடு எப்படி முடிந்தது என்று கேட்டால் சிரிப்பு வரும். ஊர் முனையில் மஞ்சள் பெட்டியோடு எஸ்.டி.டி. பூத் வந்தது. பெரிய வீடுகளில் போன் வந்தது. சாவு சொல்ல ஆளே வேண்டியிருக்கவில்லை. முள் தானாகக் காய்ந்து, பாதை தானாகத் திறந்தது. ஜெயித்தது நாங்களா, டெலிபோனா, தெரியவில்லை. நைனாவுக்குத்தான் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. ஊர் அவரைக் கண்டுகொள்ளவில்லை. காலனி பேசுவதை நிறுத்திவிட்டது.

தம்பிக்குக் கல்பாக்கத்தில் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. எனக்குக் கல்லூரி வேலை. செங்கல்பட்டில் ஏரியைப் பார்த்தாற்போல ஒரு போர்ஷன். வாரத்துக்கு ஐந்து நாள் நூறு பேருக்கு முன்னால் பேசுவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்தினால் சனிக்கிழமை பஸ் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கும்வரை என் குரலை நானே கேட்கமாட்டேன். ஒரு வாரம் நைனாவிடம் போவேன், ஒரு வாரம் தம்பியிடம் போவேன். நைனா கேட்கும் முதல் கேள்வி, "இன்னா சொன்னான்?" ஒன்றும் சொல்லவில்லை என்று எத்தனை முறை சொல்வது? "நல்லா கீறான் நைனா" என்பேன். தம்பி வீட்டில் நேராக உள்ளே போய்ச் சமையல்கட்டில் உட்கார்ந்துகொள்வேன். அவன் மனைவி நல்ல பெண். "சாப்டு எக்கா, இன்னும் போட்டுக்கோ" என்று தம்பி கவனித்துக்கொள்வான். நைனா என்ற சொல் மட்டும் அவன் வாயில் வராது. நான் எடுத்தால் எழுந்துபோய் சைக்கிளைத் துடைப்பான். அந்தக் குடியிருப்பிலேயே பளபளப்பான சைக்கிள் அவனுடையதாகத்தான் இருந்திருக்கும். இரண்டு வீட்டிலும் நான் விருந்தாளி. இருவருக்கும் நடுவில் வருஷக்கணக்காக அலைந்து என்னால் ஒரு வார்த்தையைக்கூடக் கொண்டுசேர்க்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் நைனாவுக்கு அந்தப் போரின் கதையைச் சொன்னேன். அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்தார்கள் என்றதும் நிறுத்தினார்.

"அத்த யாரு போய் அவங்களாண்ட சொன்னது?"

சிரித்துவிட்டேன். பிறகு அந்த விஷயத்தைச் சொன்னேன். தூரத்தில் இருந்த ஒரு மாநிலத்தில் பட்டாளம் போய் விடுதலையை வாசித்துக் காட்டியபோது அறிவிப்பு வந்து இரண்டரை வருஷம் ஓடிவிட்டிருந்தது. அதுவரைக்கும் அங்கே இருந்தவர்கள் பருத்தி எடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

நைனாவுக்குப் பொறுக்கவில்லை. "சேதிய எட்துகினு கெளம்புனவன் எங்கம்மா படுத்துத் தூங்கினான்?"

அன்று இருவரும் வெகுநேரம் சிரித்தோம். நாங்கள் அப்படிச் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

சுனாமி வந்தபோது கல்பாக்கம் குடியிருப்புக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிட்டது என்றார்கள். போன் எதுவும் கிடைக்கவில்லை. நான் பதறிக்கொண்டு நைனாவிடம் போனால் வீடு பூட்டியிருந்தது. மறுநாள் சாயங்காலம்தான் வந்தார். கால் வீங்கியிருந்தது. "கீறான்" என்றார். "கொழந்தையும் கீது. வாசல்ல பாய காய வச்சிகினு இருந்தான்."

"பேசினியா?"

"ரோட்டுக்கு எதுர்ல ஒரு வேப்ப மரம் கீது. அங்கியே நின்னுட்டு வந்துட்டேன். நான் அவன் வாசல்ல போய் நின்னா இன்னா நெனைப்பான்? என்ன அப்படிப் பாத்தாலே சாவுன்னுதான்மா நெனைப்பு வரும்." அவனிடம் சொல்லாதே என்றார், சரி என்றேன். நான் சொல்லவில்லை.

அடுத்த வருஷம், ஒரு லீவு நாள் காலையில் நைனா போய்விட்டார். கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது மூச்சு இல்லை. பக்கத்து வீடுகளிலிருந்து வந்தார்கள். பழைய கோபம் யாருக்கும் ஞாபகம் இல்லை, இருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. "தம்பிக்கு போன் போடும்மா" என்றார்கள். செல்லைக் கையில் எடுத்தேன். போனில் சொன்னால் அவன் ஒரு நொடியில் வைத்துவிடலாம். நேரில் போனால் முகத்தில் கதவைச் சாத்த வேண்டியிருக்கும், அது அவனால் முடியாது என்று நினைத்தேன். உடம்பை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினேன். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், கல்பாக்கம். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா "எங்கம்மா போற?" என்று கேட்டாள். "தம்பி வீட்டுக்கு" என்றேன். "நல்லது" என்றாள்.

தம்பி வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வா எக்கா, உள்ள போ" என்றான். எனக்குக் கால் எழும்பவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. கேட்டுக்கு வெளியே ரோட்டிலேயே நின்றுவிட்டேன். அவன் மகள் ஓடிவந்து ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

தம்பி துணியைக் கீழே போட்டான். என்னைப் பார்த்தான். டம்ளரைப் பார்த்தான்.

"எப்ப?" என்றான்.

"காத்தால."

அவன் அசையவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. வரமாட்டேன் என்று சொல்லிவிடுவானோ என்று, நைனாவிடம் கொடுத்த வாக்கை மீறினேன். "சுனாமிக்கு மறுநாள் வந்து உன்னப் பாத்துட்டுப் போனாருடா. தோ, அந்த மரத்தாண்ட நின்னாரு. வாசலுக்கு வந்தா நீ பயந்துடுவன்னு வரல."

தம்பி வேப்ப மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே போனான். சட்டையை மாட்டிக்கொண்டு, வேலைக்குப் போகும் பைக்கின் சாவியோடு வந்தான்.

"நீ வூட்டுக்குப் போ எக்கா. அவருகிட்ட ஆளு இருக்கணும். நான் போய் எல்லாருக்கும் சொல்லிட்டு வர்றேன்."

"எல்லாராண்டயும் செல் கீதுடா."

"போன்லயா? நைனா சாவையா?" பைக்கை ரோட்டுக்குத் தள்ளினான். "என்ன யாரும் போவச் சொல்லல. நானாத்தான் போறேன்."

மறுபடியும் தனியாக பஸ்ஸில் வந்தேன். நைனாவின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். பொழுது இறங்க இறங்க உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். செய்யூரிலிருந்து, திருக்கழுக்குன்றத்திலிருந்து. "உன் தம்பி வந்து வாசல்ல நின்னாம்மா, உள்ள கூப்ட்டா வரல, தண்ணி குடுத்தா வாங்கல" என்று ஒவ்வொருவரும் அழுதார்கள். அவனுக்கு நைனா இதையெல்லாம் கற்றுக்கொடுத்ததே இல்லை. பார்த்துவைத்திருக்கிறான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு பைக் சத்தம் கேட்டது. சத்தம் நின்ற பிறகும் ஆள் உள்ளே வரவில்லை. வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவன்தானே. எட்டிப் பார்த்தேன். குடம் கவிழ்ந்த அதே இடத்தில், புழுதி படிந்த காலோடு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான்.

"எக்கா," என்றான். "தண்ணி."

குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவன் பாதத்தில் ஊற்றினேன். பாதம் நனைந்ததும் போதும் என்று நைனா சொல்வார். இவன் சொல்லவில்லை. நானும் நிறுத்தவில்லை.